தகர வில்லையிலிருந்து முகாம் கையெழுத்து வரை: கடல் தாண்டிப் போய்வந்த நம் மக்களும் அவர்களைப் பின்தொடர்ந்த காவலும்

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் கூடும் கூட்டத்தைப் பற்றி நம் பகுதித் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேருகிற மணலில், தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து நடந்தும் வேன் பிடித்தும் வந்தவர்கள் முதல் நாள் இரவே தங்கிவிடுவார்கள். எந்த மாவட்டத்திலிருந்து வருகிறாய், எப்போது திரும்பிப் போவாய் என்று யாரும் கேட்பதில்லை. சாதி அங்கேயும் உண்டு. யார் எங்கே அடுப்பு மூட்டுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் வருவதற்கும் போவதற்கும் கணக்கு எழுதும் ஆள் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மணலில் ஒரு அம்மாவைச் சந்தித்தோம். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நம் மாவட்டத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். பேச்சில் மலையகத்து வாசம். இருட்டுவதற்குள் கிளம்பினார். "ராத்திரி தங்கிட்டுக் காலையில போகலாமே அம்மா" என்றோம்.

"நாளைக்குக் கணக்கெடுப்பு, தம்பி. ஆள் இல்லன்னா பேரை வெட்டிருவாங்க" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டே, "எங்க தாத்தா சாத்தூர்ப் பக்கந்தான். அவரு காலத்துல நெனச்சா வருவாங்களாம், நெனச்சா போவாங்களாம். அப்புறம் எப்ப தம்பி நாங்க கள்ளத்தோணி ஆனோம்?" என்று கேட்டார்.

அன்று எங்களிடம் சரியான பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததை வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். இது இலங்கை வரலாறு, நமக்கு என்ன என்று எந்த மாணவரும் ஒதுக்கிவிட வேண்டாம். கடல் தாண்டிப் போன கூலிகளில் பெரும் பங்கினர் பள்ளர், பறையர், அருந்ததியர். இது சேரியின் வரலாறு.

காப்பிக்காகப் போய்வந்த காலம்

இலங்கையின் கண்டி மலைகளில் 1820-களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. காப்பி பறிப்பு ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை அல்ல. பழம் பழுக்கும் சில மாதங்களுக்குத்தான் ஆயிரக்கணக்கில் கை வேண்டும். இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் மழையை நம்பிய நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள், இங்கே வேலை இல்லாத மாதங்களில் அங்கே போனார்கள். பறிப்பு முடிந்ததும் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மறுபடி போனார்கள்.

இன்று கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிவகாசிப் பட்டாசு வேலைக்கு வந்துபோகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் ஆபத்தையும் பல மடங்கு கூட்டிக்கொண்டால் அன்றைய பயணம் கண்ணுக்குத் தெரியும். பாம்பன், தேவிபட்டினம், தொண்டி போன்ற கரைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் பல நாள் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் அந்த வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தப்பிப் பிழைத்தவர்கள் அந்த வழி முடியும் மாத்தளையில் முத்துமாரியை வணங்கினார்கள். இன்றும் அந்தக் கோவில் அங்கே இருக்கிறது. வைப்பாற்றங்கரை மாரியையும் மாத்தளை மாரியையும் சேர்த்துக் கும்பிட்ட தலைமுறை அது.

அப்போது பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. ஆனால் காவல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லையில் நிற்க வேண்டிய காவல் அன்று கடனின் வடிவில் கூடவே நடந்துபோனது.

கடனே காவல்

மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். இலங்கைக்கு நடந்தது கங்காணி முறை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். பயணச் செலவு, சோறு, துணி எல்லாம் கூலியின் பெயரில் கடனாக ஏறும். கங்காணிகளில் பலர் இடைநிலைச் சாதியினர். அவர்களிடம் கடன்பட்டவர்களில் பலர் சேரிக்காரர்கள். பண்ணையாரிடம் அடிமைப்பட்டிருந்தவர் கடல் தாண்டியபோது, அந்தக் கட்டும் அவரோடு கடல் தாண்டியது.

1865-இல் இலங்கை அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவிப்பு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. கூலி வேலையை விடுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்காக மட்டும் இருக்க வேண்டும். தோட்டத்தில் அது போலீஸ் வழக்கு.

இதற்கு மேல் வந்தது துண்டு. பெயரே தமிழ்தான். ஒரு சிறு காகிதம். இந்தக் கூலிகளுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பார். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோவார். புதிய துரை கடனைக் கட்டுவார். ஆளும் கடனும் சேர்ந்து கைமாறும். தன் கடன் எவ்வளவு என்று கூலிக்குப் பெரும்பாலும் தெரியாது. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் தெரியாது. 1921-இல்தான் இந்த முறை ஒழிக்கப்பட்டது.

ஆக, கூலியைப் பற்றி எழுதப்பட்ட முதல் காகிதமே கூலிக்காக எழுதப்பட்டது அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாறு முழுவதும் இது திரும்பத் திரும்ப வரும்.

கழுத்தில் தகரம், வாசலில் மருத்துவர்

காப்பியை 1869-க்குப் பிறகு இலைநோய் அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். மக்கள் குடும்பத்தோடு போய் லயங்களில் தங்கினார்கள். இங்கே 1876-78 தாது வருடப் பஞ்சம் அவர்களைத் துரத்தியது. ஆனாலும் ஊர் விட்டுப்போகவில்லை. கல்யாணம், சாவு, கொடை, நிலத்தகராறு என்று வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள்.

மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் ஓடத் தொடங்கியது. நம் கரிசல்காட்டுக் கூலி சாத்தூரில் ஏறினால் கொழும்புக் கப்பலுக்குப் போய்விடலாம் என்ற நிலை வந்தது. 1890-களின் இறுதியில் பிளேக் நோய் பரவியபோது நோய்த்தடுப்பு என்ற பெயரில் முகாம்கள் வந்தன. தூத்துக்குடிக்கு முந்தைய தட்டப்பாறையில் ஒன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாம் பெரிதாக எழுந்தது.

மண்டபம் இந்திய மண். ஆனால் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சில நாட்கள் அடைத்துவைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, அம்மை ஊசி போட்டு, எண்ணிக் கப்பலில் ஏற்றினார்கள். நோய்த்தடுப்பு தேவைதான், பிளேக்கும் காலராவும் கற்பனை அல்ல. ஆனால் உயர்வகுப்பு டிக்கெட் எடுத்தவர் இப்படி அடைபடவில்லை. கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது. முகாமுக்குத் தெரிந்திருந்தது.

1900-களின் தொடக்கத்தில் வந்த தகர வில்லை முறையும் இதோடு சேர்ந்ததுதான். வட்டமான ஒரு தகரம், அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும். கூலி அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஆள் சேர்க்கும் வேலையை ஒழுங்குபடுத்த 1904-இல் தோட்ட முதலாளிகளின் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது. கிராமம் கிராமமாக முகவர்கள், பதிவேடுகள். யார், எந்த ஊர், என்ன சாதி, யாருடைய ஆள், எத்தனை பேர், எந்தத் தேதியில் போனார் என எல்லாம் எழுதப்பட்டன.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் வேறு எந்த மக்கள் கூட்டத்தின் பயணமும் இவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்குமா என்பது சந்தேகம். ஒரு சேட்டோ செட்டியாரோ கொழும்புக்கு நூறு முறை போய்வந்தாலும் அவர் கழுத்தில் யாரும் தகரம் கட்டவில்லை.

ஊருக்குப் போனதே குற்றமானது

1939 ஆகஸ்டில் இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. அங்கே இந்தியர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியதற்கு எதிர்வினையாக எடுத்த முடிவு அது. கோபம் நியாயமானதாக இருக்கலாம். அடி விழுந்தது கூலியின் தலையில். அதுவரை திறந்து மூடிக்கொண்டிருந்த வாசல் முதல் முறையாகப் பூட்டப்பட்டது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்ற பயம் அன்று தொடங்கியது.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் அங்கே பிறந்தவர் என்றோ நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் கொடுத்தார்கள்? அதே ஆண்டில் குடிவரவுச் சட்டமும் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது.

1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று ஒரு சட்டம் வந்தது. தோழர்கள் இதன் நிபந்தனைகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் தொடர்ந்து 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் சிறு பிள்ளைகளும் அங்கேயே வசித்தவர்களாக இருக்க வேண்டும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தகப்பனுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கியவர், பிரசவத்துக்கு மனைவியை ஊரில் விட்டுவந்தவர், பிள்ளையைத் தாத்தா வீட்டில் வளர்த்தவர் ஆகிய எல்லோரும் இந்த நிபந்தனையில் சிக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்க்கையாக இருந்த போக்குவரத்து, இவர் இந்த நாட்டுக்காரர் அல்ல என்பதற்குச் சாட்சியாக மாறியது.

சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்களிடம் ஆதாரம் போதவில்லை என்றார்கள். கழுத்தில் எண் கட்டி, ஊசி போட்டு, கப்பல் கப்பலாக எண்ணி அனுப்பியவர்களின் பதிவேடுகள் எங்கே போயின? முதலாளி கேட்டபோது எல்லாக் கணக்கும் இருந்தது. தொழிலாளி கேட்டபோது ஒரு காகிதமும் இல்லை.

கள்ளத்தோணி

கதவை மூடினால் போக்குவரத்து நின்றுவிடுமா? பெண்டாட்டி அந்தக் கரையில், ஆத்தா இந்தக் கரையில். விசாவும் தற்காலிகத் தங்கல் அனுமதியும் வாங்க முடியாதவர்கள் பழையபடி தோணி ஏறினார்கள். தாத்தா போன அதே கடல்வழி. தாத்தா பயணி, பேரன் கள்ளத்தோணி.

இலங்கை அரசு 1952-இல் வடமேற்குக் கடலோரத்தில் இதற்கென்றே ராணுவத்தை இறக்கியது. 1963-இல் அது சட்டவிரோதக் குடியேற்றத் தடுப்புப் படையாக விரிவாக்கப்பட்டு 1981 வரை நீடித்தது. கடற்கரையில் தொடங்கிய சோதனை கடற்கரையோடு நிற்கவில்லை. கறுப்பாக, ஏழையாக, தமிழ் பேசிக்கொண்டு சந்தையில் நிற்பவர் எவரையும் நிறுத்திக் காகிதம் கேட்கலாம் என்றானது. கள்ளத்தோணி என்பது தோணியில் வந்தவரின் பெயராக இருந்தது போய், தோட்டத்தில் பிறந்து கடலையே பார்க்காத குழந்தையின் மீதும் வீசப்படும் வசையானது. அதைச் சொன்னவர்கள் சிங்களர்கள் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்து ஆதிக்கசாதித் தமிழர் வாயிலும் அந்தச் சொல் புழங்கியது. அதை மறைத்துவிட்டுத் தமிழர் ஒற்றுமை பேச நம்மால் முடியாது.

1964 அக்டோபர் 30-இல் சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கே வாழ விருப்பம் என்று பேச்சுவார்த்தை மேசையில் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. தாத்தாவை அடைத்துவைத்து அனுப்பிய மண்டபம் முகாமிலேயே திரும்பி வந்த பேரன் இறங்கினார். நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், கொத்தடிமைத்தனம் என்று அவர்கள் சிதறினார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

மறுபடியும் பதிவேடு

1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு வந்த அகதிகளும் மண்டபத்தில்தான் முதலில் பதிவானார்கள். அவர்களில் மலையகத் தமிழர் பல ஆயிரம் பேர். தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உருவாயின. நம் விருதுநகர் மாவட்டத்திலும் குல்லூர்சந்தை போன்ற இடங்களில் இருக்கின்றன. 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாமின் மீது விழுந்த பார்வை மாறியது. ஆள் சரிபார்ப்பு, கியூ பிரிவு விசாரணை, வெளியூர் போக அனுமதி, சந்தேகப்பட்டால் சிறப்பு முகாம் என்றானது. குற்றம் செய்தவர் ஒருசிலர். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும்.

வேலைக்கு வெளியூர் போகும் பெயிண்டருக்கு இதன் அர்த்தம் என்ன? கணக்கெடுப்பு நாளில் ஓடிவர வேண்டும். வராவிட்டால் உதவித்தொகை நிற்கும். அதனால் தூரத்து வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்பந்தக்காரருக்கும் இது தெரியும், கூலியைக் குறைப்பார். துண்டு செய்த வேலையை இப்போது பதிவேடு செய்கிறது. அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு நாடு முழுவதும் சுதந்திரமாகப் போய்வரும் உரிமையைத் தருகிறது; ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். வாழ்வுரிமையைச் சொல்லும் 21-ஆவது பிரிவு எல்லா மனிதருக்கும் பொருந்தும். முகாம் மக்களுக்காக வாதாட வரும் சட்ட மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றம் எதுவும் வரவில்லை என்று சொல்ல மாட்டோம். 2003-இல் இலங்கை, தன் மண்ணில் மிஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரும் சட்டம் இயற்றியது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்பால் தான் இந்தியக் குடிமகள் என்று 2022-இல் நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். அவர் வென்றது ஒரு பிறப்புச் சான்றிதழை வைத்து. 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மட்டும் இலங்கைக்கு இடமில்லை.

நாம் செய்ய வேண்டியது

2020 ஊரடங்கில் மாவட்ட எல்லையில் இ-பாஸ் கேட்டது நினைவிருக்கும். காரில் போனவருக்கு அது சில மாதத் தொல்லை. வேலைக்கு அடுத்த மாவட்டம் போகும் கூலிக்கு அது பட்டினி. ஒவ்வொரு செப்டம்பர் 11-லும் தியாகி இமானுவேல் சேகரன் நினைவிடத்துக்குப் பரமக்குடி போகும் நம் இளைஞர்களுக்குச் சோதனைச்சாவடியும் 144 தடை உத்தரவும் புதிதல்ல. வண்டி எண், ஓட்டுநர் பெயர், எத்தனை பேர், எந்த வழி என எல்லாம் எழுதப்படும். 2011-இல் அதே நாளில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நம் ஆட்கள் செத்தார்கள். நம்மை எழுதி வைக்கும் பழக்கம் பழையது. நமக்கு நியாயம் தேவைப்படும்போது அந்த எழுத்து காணாமல் போவதும் பழையது.

ஆகவே தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரில் சிலோன் போய்வந்த குடும்பம் எது என்று விசாரியுங்கள். அநேகமாக எல்லாச் சேரியிலும் ஒன்றாவது இருக்கும். டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், தோட்டத்துச் சீட்டு, மண்டபம் முகாம் குடும்ப அட்டை ஏதாவது கிடந்தால் போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அசலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். தாத்தா எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். முகாமில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு ஊர்ப் பெயர், தாங்கள் இந்த மண்ணின் வம்சாவளி என்று காட்டும் ஆதாரமாகலாம்.

அந்த அம்மாவிடம் அவருடைய தாத்தாவின் ஊர்ப் பெயரை அன்று கேட்காமல் விட்டுவிட்டோம். சாத்தூர்ப் பக்கம் என்பது மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது. அடுத்த ஆடி வெள்ளிக்கு அவரைத் தேடிப் போகிறோம். உங்களில் யாராவது கூட வருவதானால் சொல்லுங்கள்.

ஜெய் பீம்.